நூறு சத்தமும் ஒரு மூட்டை அரிசியும்

ராமதாஸின் முப்பது வருஷத்துச் சங்கீதத்தின் விலை நாற்பது ரூபாய். நாலு கடை ஏறி இறங்கினால் முப்பத்தைந்துக்குக் கிடைக்கும். ராமதாஸ் ஏறி இறங்கியிருந்தார்.

பழைய எட்டணாக் காசு அளவில் ஒரு பட்டன் பேட்டரி, அவ்வளவுதான். அது அவருடைய கீபோர்டின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, கரண்ட் இல்லாத நேரத்திலும் அவர் செய்து வைத்த நூறு சத்தங்களை மறக்காமல் காத்து வந்தது. நாற்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு இவ்வளவு விசுவாசமான காவல்காரன் மதுரையில் வேறு எங்கும் கிடைக்க மாட்டான்.

கீபோர்டு என்று சொன்னால் ராமதாஸுக்குக் கோபம் வரும். "ஒர்க்ஸ்டேஷன்" என்று திருத்துவார். ஜப்பான் சரக்கு. சின்னத் திரை, பிளாப்பி போட ஒரு வாய், இடது ஓரத்தில் சுருதியை வளைக்க ஒரு குட்டிக் கம்பி. ஒரே ஆள் டிரம்ஸ், பேஸ், வயலின் என்று பதினாறு பேர் வேலையை ஒவ்வொன்றாக வாசித்துப் பதிந்து வைத்து மேடையில் ஒன்றாக ஓடவிடலாம். எடையும் அதற்கேற்றபடி, தூக்குகிற ஆள் அன்றைக்குச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அது வீட்டுக்கு வந்த கதை சுருக்கமானது. தொண்ணூற்றைந்தாம் வருஷம், சுங்குடிச் சேலை அனுப்பிய பாக்கியை வசூலிக்கச் சென்னைக்குப் போன ராமதாஸ், வசூலித்த பணம் மொத்தத்தையும் ஒரு ரெக்கார்டிங் ஆசாமியிடம் கொடுத்துவிட்டு இதைத் தோளில் சுமந்துகொண்டு மதுரை ஸ்டேஷனில் இறங்கினார். அவர் மனைவி சூடாமணி அன்றைக்கு வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சொன்னவற்றைத் தமிழில் எழுத முடியாது. சௌராஷ்டிரத்திலும் எழுத முடியாது.

ஆனால் பெட்டி சோறு போட்டது. பகலெல்லாம் விளக்குத்தூண் பக்கத்துக் கடையில் சேலையை விரித்து மடித்த கை, திருவிழாச் சாயங்காலங்களில் மேடையில் கட்டைகளை அமுக்கியது. மகள் ரம்யாஸ்ரீயின் இன்ஜினியரிங் படிப்பில் பாதி சுங்குடி கட்டியது, பாதி பெட்டி கட்டியது. அதனால் ராமதாஸ் தினமும் காலையில் கடைக்குப் போகுமுன் அதன் மூடியை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சூடாமணியும் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த நூறு சத்தங்களும் கம்பெனி கொடுத்தவை அல்ல. ஒவ்வொன்றையும் மாசக்கணக்கில் திருகி, வளைத்து, கூட்டிக் குறைத்து அவரே செய்தவை. அதில் இருபத்துமூன்றாம் நம்பர் உருமி மேளம். கம்பியை லேசாக இழுத்தால் அது அடிவயிற்றிலிருந்து உறுமும். அலங்காநல்லூர் மேடையில் ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டே முன்வரிசையில் ஒருவருக்குச் சாமி வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் அவர் பெயர் உருமி தாஸ். இப்போது மற்ற இசைக்குழுக்காரர்கள் எல்லோரும் லேப்டாப்புக்கு மாறிவிட்டார்கள். இவரைக் கூப்பிடுவது அலங்காநல்லூர் விழாக் கமிட்டி மட்டும்தான். கமிட்டித் தலைவர் மலைச்சாமி வருஷா வருஷம் போனில் கேட்பது ஒரே கேள்வி: "அந்த உருமி இருக்குல்ல?" இருக்கிறது என்றால் அவர் வாத்தியக்காரர். இல்லையென்றால் வெறும் சேலை வியாபாரி. இதை ராமதாஸ் வெளியே சொன்னதில்லை.

இரண்டு வருஷமாகப் பெட்டியைப் போட்டவுடன் திரையில் பேட்டரி தீர்கிறது என்று எழுத்து வந்தது. கடன்காரனை நாளைக்கு வா என்று அனுப்புகிற மாதிரி ராமதாஸ் அந்த எழுத்தை ஒரு பட்டனை அமுக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். இந்தப் பங்குனியில், திருவிழாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, எழுத்து போக மறுத்தது. பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவனியாபுரம் போனார்.

அங்கே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள் பாண்டிமீனா. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். ஊர்த் திருவிழா ஆம்ப்ளிஃபயர்கள் எல்லாம் அவள் மேஜை மேல்தான் பிழைத்து எழும். திறந்து பார்க்காமல் கூலி சொல்ல மாட்டாள். அந்த ஒரு குணத்துக்காக ராமதாஸ் அவளை மதித்தார். அதே குணம் அவருக்கு எரிச்சலும் தந்தது, பேரம் பேச இடமே இல்லை.

அடிமூடியைக் கழற்றிவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

"பேட்டரிய எடுத்தா உள்ள இருக்கதெல்லாம் போயிரும்ணே. காப்பி இருக்கா?"

"மூணு பிளாப்பி இருக்கு. கடை இரும்புப் பெட்டியில, வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்துல."

"போட்டுப் பாத்தீங்களா?"

"வருஷா வருஷம் எடுத்துத் தொடைச்சு வைக்கிறேம்மா."

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. எதற்கும் இப்போது புதிதாக ஒரு காப்பி எடுத்துக்கொள்வோம், புது பிளாப்பி தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆகும், ஒன்று நூற்றைம்பது ரூபாய் சொல்வான் என்றாள். நூற்றைம்பது என்ற சொல் ராமதாஸின் காதில் விழுந்து, நேராக மூளைக்குப் போகாமல் பரம்பரைக்குப் போனது. அதான் மூணு இருக்கே, எதற்கு வெட்டிச் செலவு என்றார். போய் இரும்புப் பெட்டியிலிருந்து மூன்றையும் எடுத்தும் வந்தார். பாண்டிமீனா தோளைக் குலுக்கிவிட்டுப் பழைய பேட்டரியை எடுத்துப் புதியதை வைத்தாள். நாற்பது ரூபாய்தான். அவர் பேரம் பேசவில்லை, பெருந்தன்மையாக இருந்தார்.

பெட்டி எழுந்தது. திரையில் ஒன்று முதல் நூறு வரை, சத்தம் வைக்கிற எல்லா அறையிலும் ஒரே பெயர். ராமதாஸ் ஒரு கட்டையை அமுக்கினார். டெலிபோனில் எண் தப்பினால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு கீச்சு. இருபத்துமூன்றுக்குப் போனார். அதே கீச்சு.

முதல் பிளாப்பியைப் போட்டார்கள். பெட்டி கரகரவென்று மென்றுவிட்டு, படிக்க முடியவில்லை என்றது. இரண்டாவது. மூன்றாவது. மூன்றாவதைப் பெட்டி மெல்லவே இல்லை, அப்படியே துப்பிவிட்டது.

பாண்டிமீனா அதைத் திருப்பிப் பார்த்தாள். பிளாப்பியின் முதுகில் நட்ட நடுவே ரூபாய்க் காசுபோல் வட்டமாக ஒரு தகடு இருக்கும், அதைப் பிடித்துத்தான் உள்ளே தட்டு சுழலும். அந்த வட்டம் முழுக்கச் சந்தனம். அதன் நடுவே குங்குமம். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள். மஞ்சளாகப் பொடி கொட்டியது.

"நடுச் சக்கரத்துல பொட்டு வச்சிருக்கீங்கண்ணே."

"ஆயுத பூஜைக்கு."

"எத்தன ஆயுத பூஜை?"

ராமதாஸ் மனசுக்குள் கூட்டினார். இருபதுக்கு மேல் வந்தது. தராசுக்கு வைக்கிறோம், கல்லாவுக்கு வைக்கிறோம், கத்திரிக்கோலுக்கு வைக்கிறோம், சோறு போட்ட சத்தம் இருக்கிற பொருளுக்கு வைக்காமல் எப்படி விடுவது? போதாக்குறைக்கு அந்த வட்டம் பொட்டு வைப்பதற்கென்றே செய்து அனுப்பினதுபோல் இருந்தது. வருஷா வருஷம் ஈரத் துணியால் துடைத்து, புதுச் சந்தனம் குழைத்து, பக்தியாகத்தான் வைத்தார். துடைத்ததும் குழைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இடுக்கு வழியே உள்ளே இறங்கித் தட்டை ரம்பம்போல் அறுத்திருக்கிறது.

பாண்டிமீனா சிரிக்கவில்லை. "என் சால்ட்ரிங் அயனுக்கும் வச்சுத்தான்ணே இருக்கேன். அது சுட்டவுடனே கருகிரும், தொந்தரவு இல்ல" என்றாள். தட்டை வெளியே எடுத்து ஸ்பிரிட்டில் துடைத்துக்கூடப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது வட்டம் வட்டமாகக் கீறல் தெரிந்தது.

"வேற யாருக்காச்சும் காப்பி குடுத்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஊர் ஊராக எத்தனையோ வாத்தியக்காரர்கள் கெஞ்சியும் கொடுக்காதவர் அவர். கையிருப்புச் சரக்கைப் பக்கத்துக் கடைக்காரனுக்கு யாராவது கொடுப்பார்களா? பிறகு வாயை மூடிக்கொண்டார். ஒரே ஒருத்தனுக்குக் கொடுத்திருந்தார். கொடுத்திருந்தார் என்பதுகூடச் சரியில்லை, விற்றிருந்தார்.

திருவாதவூர் சோணை. இரண்டாயிரத்து மூன்றில் இருபத்திரண்டு வயசு. அப்பனும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்துச் சேர்த்து, அந்த வருஷம்தான் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கி முதல் அறுப்பு அறுத்திருந்தார்கள். கலைந்துபோன ஒரு குழுவிடமிருந்து இதே மாடல் பெட்டி ஒன்றைச் சல்லிசாக வாங்கியிருந்தான். அதில் உருப்படியான சத்தம் எதுவும் இல்லை. கடைக்கு வந்து, சேலை பார்க்கிறவன் மாதிரி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்து, கடைசியில் விஷயத்தைச் சொன்னான். அந்த ஊர்க் காலனியில் ராமதாஸ் இரண்டு தடவை வாசித்திருந்தார், அப்போது மேடைக்குக் கீழே நின்று கேட்டவன். ராமதாஸ் மூவாயிரம் சொன்னார். அவனிடம் ரொக்கம் இல்லை. முடிவில் நூறு சத்தத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்று, மாட்டுத் தரகர்போல் துண்டுக்கடியில் விரல் பிடிக்காத குறையாகப் பேசி முடிந்தது. சத்தம் இன்றைக்கு, அரிசி அடுத்த வாரம்.

பேச்சு நூறுக்குத்தான். ஆனால் ராமதாஸ் வியாபாரி வீட்டில் பிறந்தவர். எந்தச் சேலைக் கட்டிலும் நல்ல உருப்படி நாலைந்தைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் மிச்சத்தை விரிப்பார்கள். காப்பி எடுக்கும்போது ஆகச் சிறந்த ஒன்பதை நிறுத்திக்கொண்டு, அந்த ஒன்பது அறையிலும் ஒரே பியானோவைப் போட்டு நிரப்பினார். உருமி அந்த ஒன்பதில் ஒன்று. மேலே துண்டுச் சீட்டில் தன் கையாலேயே எழுதி ஒட்டினார்: மொத்தம் 100. சரிபார்த்தது.

பேட்டரி மாற்றிய மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவாதவூர் பஸ் ஏறினார். கண்டக்டர் பெட்டிக்கும் ஒரு ஆள் டிக்கெட் கிழித்தார். மற்ற நாளாயிருந்தால் ராமதாஸ் ஒத்தக்கடை வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு போயிருப்பார். அன்றைக்குப் பேசாமல் கொடுத்தார். தொண்ணூற்றொன்று கிடைத்தால் போதும் என்று ஒரு மனசு சொன்னது. உருமி இல்லாமல் தொண்ணூற்றொன்றை வைத்து என்ன செய்வாய் என்று இன்னொரு மனசு கேட்டது. அதைவிட, சோணையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

சோணைக்கு இப்போது நாற்பத்துமூன்று. காதோரம் நரை, வாசலில் டிராக்டர். பள்ளிக்கூட ஆண்டு விழா, கோயில் விசேஷம் என்று சுற்றுப்பட்டில் வாசிக்கிறான். பெட்டியை உரச்சாக்கால் மூடி வைத்திருந்தான். பிளாப்பி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் ஏறாமலிருக்க ஒரு கைப்பிடி அரிசியோடு இருந்தது. அதற்குப் பொட்டு வைக்கவில்லையா என்று ராமதாஸ் கேட்டார்.

"பொட்டு பொட்டிக்கு மட்டுந்தாண்ணே. இதுக்கு மேலதான் உங்க கையெழுத்து இருக்கே, அது போதாதா?"

மொத்தம் 100. சரிபார்த்தது. மை கொஞ்சங்கூட மங்கவில்லை.

சோணையின் வீட்டுக்காரி ராமக்காள் காபி கொண்டுவந்து வைப்பதற்குள் ராமதாஸின் பெட்டி பிளாப்பியைப் படித்து முடித்துவிட்டது. திரையில் பெயர்கள் வரிசையாக வந்து இறங்கின. ராமதாஸ் ஒன்றாம் நம்பரை அமுக்கினார். அவருடைய புல்லாங்குழல், மூச்சு இரைப்போடு. இரண்டு. மூன்று. காணாமல்போன பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படியேறி வருவதுபோல இருந்தது அவருக்கு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வரை வந்தவர், அடுத்ததைத் தாண்டி இருபத்துநான்குக்கு விரலைக் கொண்டுபோனார்.

"ஏண்ணே ஒண்ண விட்டுட்டீக?"

ராமதாஸ் விரலைக் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"பியானோதானேண்ணே. ஒம்போது பியானோ. அன்னைக்குச் சாயங்காலமே வாசிச்சுப் பாத்துட்டேன்."

இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை என்று ராமதாஸ் கேட்டார். சோணை காபியை ஆற்றி அவரிடம் நீட்டினான்.

"அடுத்த வாரம் நான் அரிசி கொண்டாந்தேன்ல. மூட்டைய அவுத்துப் பாத்தீகளா?"

"இல்ல."

"ஒம்போது படி நொய் கலந்துதாண்ணே கொண்டாந்தேன். கணக்கு அன்னைக்கே முடிஞ்சு போச்சு."

ராமதாஸ் காபியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார். பிறகு சிரித்தார். சட்டைப்பை குலுங்கச் சிரித்தார். இருபது வருஷமாக அவர் மட்டும்தான் தராசில் விரல் வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமும் ஒரு விரல் இருந்திருக்கிறது, முள் நேராகத்தான் நின்றிருக்கிறது. இவ்வளவு நிம்மதி அவருக்கு எந்த லாபத்திலும் வந்ததில்லை.

உருமி போய்விட்டது என்று சொன்னார். பதினோரு நாள் பத்தாகிவிட்டது, அலங்காநல்லூரில் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை என்றார். சோணை இன்னொரு பிளாப்பியை எடுத்துப் பெட்டியில் போட்டான்.

"அந்த ஒம்போது ரூமும் சும்மா கெடந்துச்சேண்ணே. நானா செஞ்சு வச்சேன். இருபத்திமூண அமுக்குங்க."

ராமதாஸ் அமுக்கிக் கம்பியை இழுத்தார். அவருடைய உருமி, அவர் மேடையில் இருந்தபடி கேட்டுச் செய்த உருமி. மைக், ஸ்பீக்கர் எல்லாம் தாண்டித் தூரத்திலிருந்து வந்த உறுமல். இது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உறுமலுக்கு ஒரு நொடி முன்னால், வளைந்த குச்சி தோலைத் தேய்க்கிற அந்தச் சரசரப்பு இருந்தது. அவர் முன்கையில் மயிர் சிலிர்த்தது. மற்ற எட்டையும் வாசித்துப் பார்த்தார். ஒன்று, டிராக்டர் நின்ற இடத்தில் ஓடும்போது வரும் உதறலைக் கேட்டுச் செய்த பேஸ். சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

"என்ன வேணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம்ணே. எடுத்துக்கங்க."

ஆயிரம் சொன்னால் அறுநூறுக்கு இறக்க ராமதாஸுக்குத் தெரியும். அறுநூறை நானூற்றைம்பதாக்கவும் தெரியும். சும்மா என்று ஒருவன் சொன்னால் அதை எப்படி மேலே ஏற்றுவது என்று அவர் வம்சத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் கடைக்கு வந்து ராமக்காளுக்கு ஒரு சேலையாவது எடுத்துக்கொள் என்றார்.

"கட்ட மாட்டாண்ணே. போன தடவ எடுத்தது சாயம் விட்டுருச்சு."

உள்ளேயிருந்து ராமக்காள் ஆமாம் என்று ஒரு குரல் கொடுத்தாள்.

திரும்பும்போது சோணை இரண்டு வெற்று பிளாப்பியும் கொடுத்தான். ராமதாஸ் அங்கேயே நூறு சத்தத்தையும் இரண்டிலும் எழுதி, இரண்டையும் திரும்பப் பெட்டியில் போட்டு வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். பெட்டிக்கு இந்த முறை அவரே கேட்டு டிக்கெட் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சூடாமணியிடம், இரண்டாயிரத்து மூன்றில் ஒரு மூட்டை அரிசி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா என்றார்.

"நொய் கலந்ததுதானே" என்றாள் அவள், நிமிராமல். "ஒம்போது படி. பொடச்சு எடுத்து உப்புமாவா பண்ணிப் போட்டேன். ரெண்டு மாசம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்க."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார்.

"நீங்க எதையோ கொறைச்சுக் குடுத்திருப்பீங்கன்னு அப்பவே தெரியும். சொன்னா சண்டைக்குப் போவீங்க. போனா நம்ம மானந்தான் போகும்."

அலங்காநல்லூரில் பொழுது சாயும் நேரத்துக்குக் கச்சேரி ஆரம்பமானது. மூன்றாவது பாட்டில் ராமதாஸ் கம்பியை இழுத்தார். முன்வரிசையில் பேச்சு நின்றது. பின்வரிசையில் பஜ்ஜிக் கடைப் பக்கம் நின்றவர்கள் திரும்பினார்கள். அவர்களில் ஒருவன் டூவீலரில் வந்திருந்த சோணை. பாட்டு முடிந்ததும் மலைச்சாமி மேடையோரம் வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"உருமி தாஸண்ணே, என்னமோ புதுசாப் பண்ணிட்டீகளே. கிட்டக்க வந்து அடிக்கிற மாதிரியில்ல இருக்கு."

வந்த பாராட்டை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. ஒரு வினாடி ராமதாஸின் கை கல்லாவுக்குத்தான் போனது. பிறகு மைக்கைப் பிடித்தார். இந்த உருமி தன்னுடையது இல்லை, திருவாதவூர் சோணை செய்தது, கையில் பஜ்ஜியோடு அதோ நிற்கிறார், ஊர் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்றார். ஊர் திரும்பிப் பார்த்தது. சோணைக்குப் பஜ்ஜியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைதட்டல் அவனைச் சுற்றி வந்து அடங்க நேரமானது.

மறுநாள் காலை ராமதாஸ் பெட்டியின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைக்குப் போனதும் கணக்கு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மேலே பிள்ளையார் சுழி போட்டு எழுதினார்:

திருவாதவூர் சோணை.
வரவு, சத்தம்: 100.
இதில் பழைய சரக்கு திரும்பியது 91. அரிசிக்கு நேர்.
சோணை கைச்சரக்கு 9. விலை சொல்லவில்லை.
பற்று, மைக்கில் பெயர்: 1.
பாக்கி: 8.